எடப்பாடி வட்டாரமும் ஹாலைடு குறைகடத்திகளும்: மேட்டூர் சிலிக்கன் முதல் இரும்பு ஹாலைடுகள் வரை

குளோரின், புரோமின், அயோடின் போன்ற உப்பீனித் தனிமங்கள் வேறொரு தனிமத்துடன் சேர்ந்து உருவாக்கும் சேர்மங்கள் ஹாலைடுகள் எனப்படும். சமையல் உப்பு ஒரு ஹாலைடு. சூரிய மின்கலத்துக்கும் கணினிச் சில்லுக்கும் வேண்டிய தூய சிலிக்கனும் ஒரு ஹாலைடு வழியாகவே கிடைக்கிறது. சேலம் மாவட்டம் எடப்பாடிக்கு வடக்கே, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நேர்த்தொலைவில் உள்ள மேட்டூரில் 1980களில் இந்த முறையில் சிலிக்கன் தயாரிக்கப்பட்டது. இந்தியாவில் குறைகடத்தி மூலப்பொருளை உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் ஆலை அளவில் செய்துபார்த்த முன்னோடி முயற்சி அது. அந்த ஆலையில் இரும்புக் குளோரைடு நீக்கப்பட வேண்டிய கழிவாக இருந்தது. இன்று இரும்பு ஹாலைடுகளே குறைகடத்திகளாக ஆராயப்படுகின்றன. இந்த இரண்டுக்கும் இடையிலான வரலாற்றையும், மேட்டூர் முயற்சி நிலைக்காமல் போன காரணங்களையும் இக்கட்டுரை விவரிக்கிறது.

குறைகடத்தி: சுருக்கமான அறிமுகம்

செம்பு மின்சாரத்தை எளிதில் கடத்தும், கண்ணாடி கடத்தாது. இவற்றுக்கு இடைப்பட்டவை குறைகடத்திகள். ஒரு குறைகடத்தியில் அணுக்களோடு கட்டுண்டிருக்கும் எலக்ட்ரான் விடுபட்டு ஓடுவதற்குக் குறிப்பிட்ட அளவு ஆற்றல் தேவை. இதைப் பட்டை இடைவெளி என்பர். சிலிக்கனின் பட்டை இடைவெளி ஏறத்தாழ 1.1 எலக்ட்ரான் வோல்ட். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றல் இதைவிட அதிகம் என்பதால் வெயில் பட்டவுடன் சிலிக்கனில் எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. அவற்றை வெளிச்சுற்றில் ஓடவிட்டால் சூரிய மின்சாரம் கிடைக்கும். ஒளியை மின்சாரமாகவும் மின்சாரத்தை ஒளியாகவும் மாற்றும் இத்தகைய கருவிகளைப் பற்றிய துறை ஒளிமின்னணுவியல். சூரிய மின்கலம், எல்.இ.டி. விளக்கு, ஒளியுணரி ஆகியவை இதில் அடங்கும்.

குறைகடத்திகளின் வரலாற்றில் இந்தியாவுக்குத் தொடக்கத்திலேயே இடம் உண்டு. கலீனா எனப்படும் ஈயத் தாதுப் படிகத்தைக் கொண்டு மின்காந்த அலைகளை உணரும் கருவிக்கு ஜகதீச சந்திர போஸ் 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். குறைகடத்திக் கருவிகளுக்கு வழங்கப்பட்ட மிகப் பழைய காப்புரிமைகளுள் அதுவும் ஒன்று.

இரும்பின் நிலம்

எடப்பாடிக்குக் கிழக்கே, இளம்பிள்ளையை அடுத்து நிற்கும் கஞ்சமலை, காந்தத் தன்மையுள்ள மேக்னடைட் இரும்புத் தாதுவுக்குப் பெயர்பெற்றது. சேலம் வட்டார மக்கள் கரி எரித்து, தோல் துருத்தியால் காற்றூதி, சிறு மண் உலைகளில் இரும்பு உருக்கிவந்தனர். 19ஆம் நூற்றாண்டில் இத்தொழிலைப் பெரிய அளவில் நடத்த ஐரோப்பியர் முயன்றனர். கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அதற்கான தாது சேலம் மலைகளிலிருந்து சென்றது. 1853இல் உருவான கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி காவிரிக் கரையிலும் ஓர் ஊதுலை அமைத்தது. 1858க்குள் அதுவும் நின்றது. தாதுவுக்குக் குறைவில்லை. உலைகள் முழுவதும் விறகுக்கரியை நம்பியிருந்தன. காடுகள் குறையக் குறையக் கரி கிடைப்பது அரிதாயிற்று. நிலக்கரியில் இயங்கிய ஆங்கில ஆலைகளின் மலிவான இரும்போடு இவற்றால் போட்டியிட முடியவில்லை.

விடுதலைக்குப் பிறகு சேலத்தில் உருக்காலை வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட காலம் எழுந்தது. 1970இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1981இல் உற்பத்தி தொடங்கியது. அந்த ஆலை கஞ்சமலைத் தாதுவை உருக்குவதற்காக அமையவில்லை. வெளியிலிருந்து வந்த துருப்பிடிக்காத எஃகுச் சுருள்களைக் குளிர்நிலையில் தகடாக உருட்டும் ஆலையாகவே அது தொடங்கியது. மண்ணில் பொருள் இருப்பதும் அதிலிருந்து தொழில் எழுவதும் வெவ்வேறு என்பதை இவ்வட்டாரம் ஏற்கெனவே கண்டிருந்தது.

அணை, மின்சாரம், உப்பு

மேட்டூர் அணையின் கட்டுமானம் 1925இல் தொடங்கி 1934இல் நிறைவடைந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்ட அந்த அணையிலிருந்து 1937 முதல் நீர்மின்சாரமும் கிடைத்தது. அந்த மின்சாரம் மேட்டூரைத் தொழில் நகரமாக மாற்றியது.

மின்சாரத்தை மூலப்பொருள்போலப் பயன்படுத்தும் தொழில்கள் அங்கே வந்தன. 1936இல் நிறுவப்பட்ட மேட்டூர் கெமிக்கல் அண்ட் இண்டஸ்ட்ரியல் கார்ப்பரேஷன் அவற்றுள் முதன்மையானது. திருச்சியில் மின்வழங்கல் தொழில் நடத்திவந்த சேஷசாயி சகோதரர்கள் குழுமம் அதை நடத்தியது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் எரிசோடா, குளோரின், ஹைட்ரஜன் என மூன்று பொருள்கள் கிடைக்கும். எரிசோடா சோப்புக்கும் துணி ஆலைகளுக்கும் போயிற்று. நெசவே வாழ்வாக இருந்த எடப்பாடி, ஜலகண்டாபுரம், குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளில் நூல் வெளுக்கவும் சாயமேற்றவும் இத்தகைய பொருள்கள் அன்றாடத் தேவை.

குளோரின் கிடைத்தவுடன் அதை நம்பிய பிற தொழில்களும் வந்தன. 1967இல் கெம்பிளாஸ்ட் நிறுவனம் மேட்டூரில் பி.வி.சி. தயாரிப்பைத் தொடங்கியது. சேர்வராயன் மலையின் பாக்சைட்டைக் கொண்டு மால்கோ அலுமினிய ஆலை 1965இல் இயங்கத் தொடங்கியது. 1985இல் மேட்டூர் கெமிக்கல்ஸ், கெம்பிளாஸ்டை நடத்திவந்த சன்மார் குழுமத்தின் கைக்கு மாறியது. இக்குழுமத்துக்கு வேதாரண்யத்தில் சொந்த உப்பளங்களும் உண்டு. ஆக, காவிரி கடலைச் சேரும் டெல்டாவின் கோடியில் விளைந்த உப்பு, அதே காவிரி மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் இடத்தில் குளோரினாகப் பிரிந்தது. இத்தொழில்களால் நிலத்துக்கும் நீருக்கும் ஏற்பட்ட பாதிப்பு குறித்துச் சுற்றுப்புற மக்கள் பல காலமாக முறையிட்டு வந்ததும் மேட்டூர் வரலாற்றின் பகுதியே.

மேட்டூரில் சிலிக்கன்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் கனிம, இயல் வேதியியல் துறைப் பேராசிரியர் ஏ. ஆர். வாசுதேவமூர்த்தி, மிகத் தூய சிலிக்கனை உள்நாட்டிலேயே தயாரிக்கும் முறையை ஆய்வகத்தில் உருவாக்கினார். அதைத் தொழிலாக வளர்க்கக் குளோரின், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் தேவைப்பட்டன. மேட்டூரில் மூன்றும் இருந்தன. இவ்வாறு தோன்றிய மெட்கெம் சிலிக்கன் லிமிடெட், இந்திய அறிவியல் கழகத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு 1980களில் பல்படிகச் சிலிக்கனைத் தயாரித்தது. அதன் பெயரே 'மேட்டூர் கெமிக்கல்ஸ்' என்பதன் சுருக்கத்தை நினைவூட்டும்.

மணலின் முதன்மைப் பொருள் சிலிக்கா. அதை மின்வில் உலையில் கரியோடு உருக்கினால் 98 முதல் 99 விழுக்காடு தூய்மையுள்ள சிலிக்கன் கிடைக்கும். உலோகக் கலவைகளுக்கு அது போதும். சூரிய மின்கலத்துக்குப் போதாது. அதில் மிகுதியாக எஞ்சும் மாசுகளுள் ஒன்று இரும்பு.

சிலிக்கன் படிகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 50 கோடி கோடி கோடி என்பதை ஒட்டிய எண்ணிக்கையில் அணுக்கள் நெருங்கியுள்ளன என்று சொன்னால் மனத்தில் பதியாது. எளிதாகச் சொன்னால், 5,000 கோடி சிலிக்கன் அணுக்களுக்கு ஓர் இரும்பு அணு இருந்தாலும் மின்கலத்தின் திறன் பாதிக்கப்படலாம். ஒளியால் விடுபட்ட எலக்ட்ரானையும் அது விட்டுச்சென்ற வெற்றிடத்தையும் இரும்பு அணு தன்னிடம் பிடித்து மீண்டும் சேர்த்துவிடுகிறது. வெளிச்சுற்றுக்குப் போக வேண்டிய மின்னோட்டம் படிகத்துக்குள்ளேயே வெப்பமாக வீணாகிறது.

இரும்பைப் பிரிக்கும் வேலையைக் குளோரின் செய்கிறது. பொடித்த சிலிக்கனை ஏறத்தாழ 300 பாகை செல்சியசில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவுடன் வினைபுரியச் செய்தால் டிரைகுளோரோசிலேன் என்ற நீர்மம் உருவாகும். அதன் கொதிநிலை 32 பாகை மட்டுமே. சேலத்துக் கோடை வெயிலிலேயே அது கொதித்து ஆவியாகிவிடும். சிலிக்கனோடு இருந்த இரும்பு, இரும்புக் குளோரைடாக மாறுகிறது. அதன் கொதிநிலை 300 பாகைக்கும் மேல் என்பதால் அது பின்தங்கிவிடுகிறது. போரான் டிரைகுளோரைடு 13 பாகையிலும், பாஸ்பரஸ் டிரைகுளோரைடு 76 பாகையிலும் கொதிப்பதால் அவற்றையும் வடித்துப் பிரிக்கலாம். திண்மமாகப் பிரிக்க முடியாத மாசுகளை ஹாலைடாக மாற்றி, கொதிநிலை வேறுபாட்டைக் கொண்டு பிரிப்பதே இம்முறையின் அடிப்படை.

இவ்வாறு தூய்மையான டிரைகுளோரோசிலேனை ஹைட்ரஜனுடன் கலந்து, மின்சாரத்தால் ஏறத்தாழ 1,100 பாகைக்குச் சூடேற்றிய மெல்லிய சிலிக்கன் தண்டுகளின்மீது செலுத்துவர். தண்டின்மேல் தூய சிலிக்கன் படிந்து பருக்கும். சீமென்ஸ் முறை எனப்படும் இம்முறையே உலகில் இன்றும் பெருவழக்கு. கிடைத்த சிலிக்கனை 1,414 பாகைக்கு மேல் உருக்கிக் கட்டியாக வளர்த்து, மெல்லிய வில்லைகளாக (வேஃபர்) அறுப்பர். இவ்வில்லைகளிலிருந்தே சூரிய மின்கலங்கள் உருவாகின்றன. மெட்கெம் பல்படிகச் சிலிக்கனோடு வில்லைகளையும் தயாரித்தது.

கொள்கைச் சர்ச்சையும் பின்னடைவும்

1980களின் நடுப்பகுதியில் மைய அரசின் மின்னணுவியல் துறை, அமெரிக்காவின் ஹெம்லாக் செமிகண்டக்டர் நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்பம் வாங்கி, குஜராத்தின் வதோதராவில் தேசியச் சிலிக்கன் நிலையம் ஒன்றை அமைக்கத் திட்டமிட்டது. மேட்டூர் ஆலையைவிட அது பல மடங்கு பெரியது. உள்நாட்டிலேயே தொழில்நுட்பம் உருவாகியிருக்கும்போது வெளிநாட்டுக்குப் பெருந்தொகை கொடுப்பது ஏன் என்று அறிவியலாளர் சிலர் எதிர்த்தனர். சிறிய அளவில் வென்ற முறை பெரிய அளவில் உலக விலைக்கு ஈடுகொடுக்குமா என்று மறுதரப்பினர் கேட்டனர். இருதரப்புக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. இறுதியில் ஹெம்லாக் திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு ஈடான பெரிய உள்நாட்டு ஆலையும் எழவில்லை. சர்ச்சையின் முடிவில் நாட்டுக்கு எஞ்சியது மேட்டூரின் சிறிய ஆலை மட்டுமே.

அந்த ஆலையின் முன் இருந்த முதல் தடை மின்சாரம். அக்காலத்தில் ஒரு கிலோ பல்படிகச் சிலிக்கனுக்கு 100 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் தேவைப்பட்டது. தமிழ்நாட்டில் விசைத்தறி இணைப்பு ஒன்றுக்கு இரு மாதங்களுக்கு 1,000 யூனிட் மின்சாரம் 2023 முதல் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. எடப்பாடியில் ஒரு தறிக்கூடத்துக்குக் கிடைக்கும் அந்த அளவு மின்சாரம் பத்துக் கிலோ சிலிக்கனுக்குக்கூட அன்று போதாது. மின்சாரம் மலிவாக இருந்ததால் தோன்றிய மேட்டூர்த் தொழில்கள், மின்பற்றாக்குறையும் கட்டண உயர்வும் வந்தபோது தடுமாறின. மால்கோவின் அலுமினிய உருக்காலையும் 2008ஆம் ஆண்டை ஒட்டி நின்றது.

இரண்டாவது தடை அளவு. டிரைகுளோரோசிலேன் ஆலையில் சிலிக்கனாக மாறாமல் வெளியேறும் குளோரைடுகளே மிகுதி. அவற்றைப் பிடித்து மீண்டும் பயன்படுத்தும் அமைப்புக்குச் செலவு அதிகம். பெரிய ஆலை அச்செலவைப் பல டன்களில் பகிர்ந்துகொள்ளும். சிறிய ஆலைக்கு அது முடியாது. மூன்றாவது தடை சந்தை. சாகிபாபாத்தில் உள்ள சென்ட்ரல் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1977இலேயே சூரிய மின்கலம் செய்திருந்தாலும், நாட்டின் மொத்தத் தேவை நெடுங்காலம் சிறிதாகவே இருந்தது. மொகாலியில் அமைந்த அரசுச் சில்லு ஆலை 1989இல் தீவிபத்தில் பெரும் சேதமடைந்தது. 1991க்குப் பின் இறக்குமதி எளிதானது. மேட்டூரில் பல்படிகச் சிலிக்கன் தயாரிப்பு நின்று, வில்லை அறுக்கும் வேலை மட்டும் சில காலம் தொடர்ந்து, பின்னர் அதுவும் முடிவுக்கு வந்தது.

2000களின் நடுவில் உலகெங்கும் சூரிய மின்சாரத்துக்குத் தேவை பெருகி, பல்படிகச் சிலிக்கன் கிடைப்பதே அரிதாயிற்று. அந்த வாய்ப்பைப் பயன்படுத்திச் சீனா பெரிய ஆலைகளைக் கட்டியது. இன்று உலக உற்பத்தியின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. இந்தியா சூரியத் தகடுகளைப் பெருமளவில் செய்தாலும் அவற்றின் அடிப்படையான பல்படிகச் சிலிக்கனுக்கு வெளிநாட்டையே நம்பியிருக்கிறது.

ஹாலைடே குறைகடத்தியாக

சிலிக்கன் தொழிலில் ஹாலைடு ஓர் இடைநிலைப் பொருள். வேலை முடிந்ததும் சிதைக்கப்படும். ஹாலைடையே குறைகடத்தியாகப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வேறொரு வழியில் வளர்ந்தது. சீசியம்-ஈய ஹாலைடுகளை ஹொரஸ் வெல்ஸ் 1893இல் தயாரித்தார். அவை பெராவ்ஸ்கைட் எனப்படும் படிக அமைப்பைக் கொண்டவை என்பதையும், ஒளி பட்டால் அவற்றின் மின்கடத்தும் திறன் மாறுவதையும் டென்மார்க்கின் கிறிஸ்டியன் மோல்லர் 1950களின் இறுதியில் கண்டறிந்தார். 1978இல் ஜெர்மனியின் டீட்டர் வெபர், சீசியத்துக்குப் பதிலாக மெத்தில் அமோனியத்தைச் சேர்த்தார். மூன்று பத்தாண்டுகளுக்குப் பின், 2009இல் ஜப்பானின் சுதோமு மியாசகா குழு அப்பொருளைக் கொண்டு 3.8 விழுக்காடு திறனுள்ள மின்கலம் செய்தது. இன்று ஆய்வகக் கலங்களின் திறன் 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது.

மேட்டூரைத் தளர்த்திய தடைகளோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஈய ஹாலைடுகளைக் கரைப்பானில் கரைத்து, கண்ணாடியின்மேல் பூசி, 100 பாகையை ஒட்டிய சூட்டில் உலர்த்தினாலே படிகப் படலம் உருவாகிவிடும். 1,400 பாகை உலை தேவையில்லை. சிலிக்கன் வில்லை ஒளியை முழுமையாக உறிஞ்ச 150 மைக்ரோமீட்டரை ஒட்டிய தடிமன் வேண்டும். இதற்கு ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவே போதும். சிறு மாசுகளையும் குறைகளையும் இப்பொருள்கள் ஓரளவு பொறுத்துக்கொள்கின்றன.

இவற்றின் பெருங்குறை ஈயம். அது நச்சு, மழைநீரில் கரையக்கூடிய வடிவில் இருப்பதால் உடைந்த தகட்டிலிருந்து மண்ணுக்கும் நீருக்கும் போகலாம். ஆகவே ஈயத்துக்கு மாற்றாக வெள்ளீயம், பிஸ்மத், ஆன்டிமனி, செம்பு போன்றவை ஆராயப்பட்டன. அவ்வரிசையில் இரும்பும் சேர்ந்தது.

இரும்பு ஹாலைடுகள்: வாய்ப்பும் தடையும்

இரும்பு மலிவானது, புவியோட்டில் ஏறத்தாழ 5 விழுக்காடு இருப்பது, ஈயத்தைப் போன்ற நச்சும் அல்ல. பொறியியல் மாணவர்களுக்கு ஓர் இரும்பு ஹாலைடு ஏற்கெனவே பழக்கமானது: மின்சுற்றுப் பலகையில் வேண்டாத செம்பை அரித்து நீக்கப் பயன்படும் பெரிக் குளோரைடு. இதுவும் பெரஸ் குளோரைடு, பெரஸ் புரோமைடு, பெரஸ் அயோடைடு ஆகியவையும் தாள்களை அடுக்கியதுபோன்ற அமைப்புள்ள படிகங்கள். பெரஸ் ஹாலைடுகள் 20ஆம் நூற்றாண்டில் முதன்மையாகக் காந்தப் பண்புகளுக்காகவே ஆராயப்பட்டன. இரும்பு அணுவில் இணைசேராத எலக்ட்ரான்கள் இருப்பதே அதற்குக் காரணம்.

ஒளிமின்னணுவியலில் இவற்றின்மீது ஆர்வம் அண்மையில் பெருகியது. இரண்டு ஈய அயனிகளின் இடத்தில் ஒரு வெள்ளி அல்லது சோடியம் அயனியையும் ஓர் இரும்பு அயனியையும் வைத்து இரட்டைப் பெராவ்ஸ்கைட்டுகள் உருவாக்கப்படுகின்றன. சீசியம்-வெள்ளி-இண்டியம் குளோரைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் உறிஞ்சாது. அதில் இண்டியத்தை விலக்கி இரும்பைச் சேர்க்கும்போது, உறிஞ்சல் அகச்சிவப்பின் விளிம்பான 800 நானோமீட்டர் வரை விரிவதாக ஆய்வுகள் காட்டின. வெள்ளிக்குப் பதிலாகச் சோடியம் உள்ள படிகம், வெப்பநிலைக்கு ஏற்ப நிறம் மாறுகிறது. வெப்பத்தை உணரும் கருவிகளுக்கு இது உதவக்கூடும். காந்தப் பண்பும் ஒளிப் பண்பும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பது மற்றொரு ஈர்ப்பு.

தடைகளும் தெளிவானவை. இரும்பின் வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் தத்தம் அணுவின் அருகிலேயே ஒட்டிநிற்பவை. ஆகவே ஒளியால் கிளர்ந்த எலக்ட்ரான் படிகத்துக்குள் நெடுந்தொலைவு ஓடுவதில்லை. வழியிலேயே ஆற்றலை இழக்கிறது. ஒளியை நன்கு உறிஞ்சும் பொருள் நல்ல மின்கலமாகும் என்று இதனால் சொல்லிவிட முடியாது. பட்டை இடைவெளியைக் குறைக்கக் குளோரினுக்குப் பதில் அயோடினைச் சேர்ப்பது ஈயப் பொருள்களில் வழக்கம். மூவிணைதிற இரும்போ அயோடைடை ஆக்சிஜனேற்றம் செய்து அயோடினாக்கிவிடுவதால், பெரிக் அயோடைடை நிலையாகப் பெறுவது கடினம். பெரிக் குளோரைடு காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கசியும் என்பது அதைக் கையாண்ட எல்லோருக்கும் தெரியும். இக்காரணங்களால் இரும்பு ஹாலைடுகள் இப்போதைக்குச் சூரியத் தகடுகளைவிட ஒளியுணரி, வெப்பவுணரி, காந்தவியல் கருவிகள் ஆகியவற்றுக்கே பொருத்தமாகத் தெரிகின்றன.

வரலாற்றின் தொடர்ச்சி

காவிரிச் சமவெளியின் இந்தத் துண்டில் மூன்று முறை மூலப்பொருளும் அறிவும் கைக்கெட்டின. 19ஆம் நூற்றாண்டின் இரும்பாலைக்கு எரிபொருள் நிலைக்கவில்லை. சேலம் உருக்காலை உள்ளூர்த் தாதுவைச் சாராமலே எழுந்தது. மேட்டூர்ச் சிலிக்கனுக்கு வேதியியல் கைகொடுத்தது. மின்சாரம், அளவு, நிலையான கொள்கை ஆகியவை கைகொடுக்கவில்லை. குறைந்த வெப்பத்தில் பூசிச் செய்யும் ஹாலைடு குறைகடத்திகள் அவற்றுள் முதல் தடையைப் பெரிதும் குறைக்கின்றன; ஆலை சிறிதாக இருப்பதும் முன்போல் பாதகமாகாது. மூன்றாவதை எந்தப் பொருளின் வேதியியலும் தீர்க்காது. ஆய்வகத்தில் வென்ற முறையை ஆலை அளவுக்கு வளர்க்கும் இடைக்காலத்தில் அதற்கு முதலீடும், வாங்குவோரும், பொறுமையும் வேண்டும் என்பதை மெட்கெமின் வரலாறு காட்டுகிறது. இரும்பு ஹாலைடு ஆய்வு இன்னும் ஆய்வக நிலையைக் கடக்கவில்லை. அது கடக்கும் நாளில் இந்தியாவில் எழக்கூடிய கேள்விகள் 1980களில் மேட்டூரை முன்னிட்டு எழுந்த அதே கேள்விகளாகவே இருக்கும்.